மண்டபம் நிறைந்த வாசிப்பு

"ஒரு ஆள் கதிரையில உட்கார்ந்து, கடதாசியப் பாத்து வாசிக்கிறதுக்கு இருபது ரூபாயா சார்?" என்று கேட்டாள் தட்டச்சு இராஜகுமாரி.

சோதிலிங்கம் நீட்டிய டிக்கட்டை நீட்டியபடியே நின்றார்.

"சும்மா ஆளில்லைப் பிள்ளை. குரல்மணி விசுவலிங்கம். றேடியோவில கேட்டிருப்பீர்."

"அதான் சார். றேடியோவில சும்மாவே கேக்குறோமே."

"இது நேரில. மேடையில."

"படம் பாக்கப் பத்து ரூபா. அதுல சண்டை இருக்கு, பாட்டு இருக்கு, மழையில நனையிறாங்க. இவரு எழும்பியாவது நிப்பாரா?"

சோதிலிங்கம் பொய் பேசப் பழகாதவர். "இல்லை. இருந்துகொண்டுதான் வாசிப்பார்" என்றார்.

"அப்ப பத்து ரூபாவே கூடத்தான்" என்று சொல்லிவிட்டு, அவள் கெலிஓயா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மெசினுக்கு உறை போட்டாள்.

வடக்கிலே சண்டை, தெற்கிலே கலவரம், நடுவிலே கண்டி என்று இருந்த காலம் அது. ஊரடங்குச் சட்டம் தூரத்து உறவினர் போலச் சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும். அப்படிப்பட்ட காலத்தில்தான் மகாவலி கலா வட்டம் ஒரு நாடகம் போடத் துணிந்தது. வட்டத்தின் செயலாளர் சோதிலிங்கம்.

முதலில் அது முழு நாடகமாகத்தான் இருந்தது. பாத்திரங்கள் ஆறு, நடிகர்களும் ஆறு. அந்த ஆறு பேரில் ஒருவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். இருவர் கனடாவுக்குப் போனார்கள். நாலாமவர் புறப்பட்டது உண்மை, எந்த விமான நிலையத்தில் இருக்கிறார் என்பது அவருடைய தாயாருக்கே தெரியாது. ஐந்தாமவர் யாழ்ப்பாணத்தில் அகப்பட்டுக்கொண்டார். மிச்சம் கொழும்பில் இருந்த குரல்மணி மட்டும்.

"ஆறு பாத்திரத்தையும் நானே வாசிக்கிறேன்" என்று அவர் அறிவித்தார். "வெளிநாடுகளில் பெரிய பெரிய நடிகர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். டிக்கட் கிடைக்காமல் சனம் றோட்டில் படுத்துக் கிடக்குமாம்."

கண்டியில் றோட்டில் படுத்துக் கிடந்தால் பொலிஸ் அள்ளிக்கொண்டு போய்விடும். அதனாலோ என்னவோ, டிக்கட் விற்கவில்லை.

விற்காவிட்டால் என்ன என்று சோதிலிங்கம் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வட்டத்தின் தலைவர் சண்முகநாதன்தான் அவர் வேலை செய்த அரசாங்கக் கந்தோரிலும் பெரியவர், இடமாற்றம் எழுதுகிற அதிகாரி. நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி, கழுத்தில் உருத்திராக்கம். முட்டை போட்ட கேக்கைத் தூரத்தில் வைத்தே மணந்து பிடித்துவிடும் சைவம். மனைவி அவரைவிட ஒரு படி மேல். பெரியவர் சோதிலிங்கத்தைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்:

"மண்டபம் நிறையவேணும், சோதி. போன வருசம் மாதிரி வெறுங் கதிரையளுக்கு நான் தலைமையுரை ஆற்றமாட்டன். வவுனியாவுக்கு ஒரு ஆள் கேட்டிருக்கினம். ஆரை அனுப்பிறதெண்டு நான் இன்னும் முடிவெடுக்கேல்லை."

வவுனியா என்றதும் சோதிலிங்கத்துக்கு வீடுதான் நினைவுக்கு வந்தது. அவருடைய மனைவி தவமணி பேராதனை ஆஸ்பத்திரியில் தாதி. கலியாணமாகி நாலு வருசத்தில் மூன்று வருசம் தபால் மூலம் குடும்பம் நடத்தியவர்கள். தைமாதம்தான் இருவரும் ஒரே ஊருக்கு வந்து, கட்டுக்கலைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் ஒரே அடுப்பு மூட்டினார்கள்.

"இஞ்சாருங்கோ, திரும்பவும் முத்திரை ஒட்டிக் குடும்பம் நடத்த என்னாலை ஏலாது" என்றாள் தவமணி. "மண்டபத்தை எப்பிடியாவது நிரப்புங்கோ."

நிரப்புவதற்காக அவர் புதிய நோட்டீஸ் அடித்தார். 'ஒரு தொண்டை! ஆறு பாத்திரம்!' என்று பெரிய எழுத்தில். அதை ஒட்டிய அன்று பின்னேரமே வானொலியில் அறிவித்தார்கள்: சனிக்கிழமை மாலை ஆறு மணி தொடக்கம் ஊரடங்கு.

வாசிப்பும் சனிக்கிழமை ஆறு மணிக்குத்தான்.

சோதிலிங்கம் அச்சகத்துக்கு ஓடினார். டிக்கட் அடித்துக் கொடுத்த மஹ்மூத், அவரைவிடத் துக்கமாகக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருந்தார். அதே சனிக்கிழமைதான் கெலிஓயாவில் அவருடைய மகள் பாயிஸாவுக்குக் கலியாணம்.

"முன்னூறு பேருக்குச் செல்லி ஈக்கி, சேர்" என்றார் மஹ்மூத். "ஆட்டெறச்சிப் புரியாணி. ஆறு பேரு ஒரு பெரிய தாலத்தச் சுத்திக் குந்தித் தின்னுற சஹன் சாப்பாடு. ஒங்கட கந்தோர் ஆக்கள் எல்லாருக்கும் காட் குடுத்தீக்கி. இப்ப பொலிஸ் என்ன செல்ற தெரியுமா? ஊட்டாக்களோட முடிக்கட்டாம்."

"எனக்கும் அதே நிலைமைதான் மஹ்மூத். கூட்டம் வைக்க விடுவாங்களோ தெரியேல்லை."

"கேட்டுப் பாப்பமே. வாங்க, நானும் வாறேன். ஒங்கட சிங்களத்த நம்பி ஒங்கள ஒத்தையில அனுப்ப ஏலா."

பொலிஸ் நிலையத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். அன்று காலைதான் அவருக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது: கண்டியில் எல்லாம் வழமைபோல நடக்கிறது என்று வெளியே தெரியவேண்டும். எதை நடத்திக் காட்டுவது என்று அவர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்.

நாடகம் என்றதும் அவருடைய முகம் மலர்ந்தது. அதுவும் ஒரே ஒரு நடிகர், அவரும் எழும்பமாட்டார் என்றதும் இன்னும் மலர்ந்தது. இதைவிட அமைதியான கூட்டத்தை எந்தப் பொலிஸ்காரரும் கண்டிருக்கமாட்டார்.

"சனம் எப்படி வந்து போகும்?" என்பது ஒன்றுதான் அவருடைய கேள்வி.

மஹ்மூத் சிங்களத்தில் நீண்ட நேரம் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ஒவ்வொரு டிக்கட்டின் பின்பக்கத்திலும் பொலிஸ் நிலையத்து றப்பர் முத்திரை குத்துவதென்றும், அதைக் காட்டினால் பத்து மணிவரை றோட்டில் மறிக்கமாட்டார்கள் என்றும், நிகழ்ச்சி உண்மையாகவே நடந்ததா என்று பார்த்து எழுத ஒரு கொன்ஸ்தாபிள் வருவார் என்றும் முடிவாயிற்று.

படியிறங்கும்போது மஹ்மூத் சொன்னார்:

"சேர், டிக்கட் விக்கிற வேலைய என்ட கையில தாங்க."

"உங்களுக்குக் கலியாண வேலை இருக்குமே?"

"இனி என்ன வேல, சேர்? சும்மா ஈக்கிற கை."

இந்தத் துக்கத்திலும் கலைக்கு உதவ நினைக்கிறாரே என்று சோதிலிங்கத்துக்குக் கண் கலங்கியது.

இரண்டு நாளில் பாதிக்கு மேல் டிக்கட் பறந்தது. சோதிலிங்கம் புது நோட்டீஸைத் தானே நின்று ரசித்தார். 'ஒரு தொண்டை! ஆறு பாத்திரம்!' எழுத்துக்கு இவ்வளவு சக்தி உண்டென்று அவர் அதுவரை நினைத்ததில்லை. சிங்களப் பேக்கரி முதலாளி ஒருவர், பாண் விற்கிற அளவுக்கு மேல் தமிழ் அறியாதவர், நாலு டிக்கட் வாங்கிக்கொண்டு போனார்.

"முதலாளி, உங்களுக்குத் தமிழ் விளங்காதே?"

"பரவால்ல மாத்தயா. நாடகம் கண்ணாலதானே பாக்கிற."

"இது வாசிப்பு முதலாளி. பாக்க ஒண்டும் இல்லை."

"அப்ப காதால பாக்கிற" என்றார் முதலாளி.

வியாழக்கிழமை மத்தியானம் கந்தோர்த் தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து குரல்மணியின் மனைவி.

"தம்பி, அவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. வெயிலுக்குள்ள நிண்டு ரெண்டு ஐஸ்கிறீம் குடிச்சவர். ஒரு சொல்லும் வெளியில வருகுதில்லை."

"அக்கா, ஒரு தொண்டையை நம்பித்தான் நாங்கள்..."

"பத்து நாளைக்குப் பேசக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். வீட்டில நல்ல நிம்மதி, தம்பி. நான் வைக்கிறன்."

சோதிலிங்கம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெரியவரின் அறைக்குப் போனார். அவர் வாயைத் திறக்குமுன் பெரியவர் கையை உயர்த்தினார்.

"எல்லாம் கேள்விப்பட்டன், சோதி! டிக்கட்டுக்குச் சனம் அடிபடுதாம். நான் பெரிய இடமெல்லாம் சொல்லிப்போட்டன். இனி இது பிழைச்சால் அவமானம் எனக்கு. எனக்கு அவமானமெண்டால் உமக்கு வவுனியா. என்ன, ஏதோ சொல்ல வந்தீரே?"

"ஒண்டுமில்லை சேர். நல்ல வெயில்."

நிறுத்த வழியில்லை. ஆனால் வருகிற சனத்தைக் குறைக்கலாமே! சனம் குறைந்தால் அடியும் குறையும். அவர் மஹ்மூத்திடம் போய், மீதி டிக்கட்டுக்கு இனி ஐம்பது ரூபாய் என்றார்.

மஹ்மூத் முதல்முறையாக முகம் சுளித்தார். "என்ன சேர், ஏழ சனம். கொஞ்சம் மலிவா வைங்களே."

"கலைக்கு ஒரு மரியாதை வேணும் மஹ்மூத்."

அன்று மாலையே ஐம்பது ரூபாய் டிக்கட்டில் முக்கால்வாசி தீர்ந்தது. சோதிலிங்கம் அதிர்ந்துபோய் மிச்சத்துக்கு நூறு ரூபாய் என்றார். கலகெதரயிலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்து வாங்கிப் போயிற்று.

இனி உண்மையைத்தான் சொல்லவேண்டும். உண்மையை ஊர் முழுக்க ஒரே நாளில் பரப்ப, கண்டியில் இராஜகுமாரியைவிட நல்ல சாதனம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை அவர் அவளுடைய மேசையருகே குனிந்து, "ஆருக்கும் சொல்லாதையும் பிள்ளை" என்று தொடங்கினார். அப்படித் தொடங்கினால் வேகம் இன்னும் கூடும்.

"குரல்மணிக்குக் குரல் சரியில்லையாம்."

"ஐயோ, பாவம். நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும் சார். எங்க வீட்டுக்கு இன்னும் ரெண்டு டிக்கட் வேணுமே."

"நூறு ரூபாய், பிள்ளை."

"பரவால்ல சார்."

"ஆள் வராமலும் விடலாம் எண்டு சொல்லுறன்!"

"வராட்டி என்னா சார்? கலைதானே முக்கியம்."

இருபது ரூபாய்க்கு மழை கேட்டவள் நூறு ரூபாய்க்கு ஆளே வேண்டாம் என்கிறாள். சோதிலிங்கத்துக்குத் தன் இனத்தின் மீதே ஒரு பயம் வந்தது. இவ்வளவு பக்தியுள்ள கூட்டம் ஏமாந்தால் சும்மா விடுமா?

அன்றிரவு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். குரல்மணியின் நாடகப் பிரதி தபாலில் முன்பே வந்திருந்தது. மேடையில் ஒரு திரையைக் கட்டுவது. 'றேடியோவைப் போலவே முகம் தெரியாமல் வாசிப்பதுதான் குரல்மணியின் கொள்கை' என்று அறிவிப்பது. பிறகு பின்பக்கமாக ஓடிப்போய்த் திரைக்குப் பின்னால் இருந்து தானே வாசிப்பது.

தவமணி கட்டிலில் இருந்து ஒத்திகை கேட்டாள். அது ஒரு சோக நாடகம். கிழவர், ராசகுமாரி, மந்திரி என்று வரும் ஆறு பாத்திரத்தில் நாலு சாகும்.

"எப்பிடித் தவம்?"

"கிழவர் பரவாயில்லை. ராசகுமாரி வாற இடத்தில மட்டும் பூனை கத்துற மாதிரிக் கிடக்கு."

"சனம் கண்டுபிடிக்குமோ?"

"கண்டுபிடிச்சால் கல்லெறிவினம்" என்றாள் தவமணி, தாதியின் நிதானத்தோடு. "நெத்தியைக் காப்பாத்துங்கோ. நாளைக்கு நான் நைட் டியூட்டி. வார்ட்டுக்கு வந்தால் தையல் போட்டுவிடுவன்."

சனிக்கிழமை. வாவிக்கரையில் இருந்த அந்தப் பழைய மண்டபத்தில் முன்னூறு கதிரைகள் வரிசையாகக் காத்திருந்தன. ஐந்தரைக்கே கொன்ஸ்தாபிள் வந்து முன்வரிசையில், பெரியவருக்கு என்று வெள்ளைத் துணி விரித்திருந்த கதிரைக்குப் பக்கத்தில் தொப்பியை வைத்துக்கொண்டு அமர்ந்தார்.

ஆறு மணிக்கு ஊரடங்குச் சங்கு ஊதிற்று. சோதிலிங்கம் திரையின் ஓட்டை வழியாகப் பார்த்தார். கொன்ஸ்தாபிள் இருந்தார்.

ஆறேகாலுக்குப் பார்த்தார். கொன்ஸ்தாபிள் கொட்டாவி விட்டார்.

ஆறரைக்கும் கொன்ஸ்தாபிளைத் தவிர ஒரு காக்கைகூட இல்லை. தலைவரும் இல்லை. அவருக்கு வாங்கிய பூமாலை மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் கிடந்தது.

கல்லெறி இல்லை என்ற நிம்மதியில் சோதிலிங்கத்தின் ஒரு கால் ஆடியது. வெறும் மண்டபம் என்றால் வவுனியா என்ற நினைவில் மற்றக் கால் ஆடியது.

"மாத்தயா, பட்டங் கன்ன" என்று கொன்ஸ்தாபிள் கையைக் காட்டினார். தொடங்கச் சொல்கிறார்.

"ஒருத்தரும் இல்லையே, றாளஹாமி?"

"நான் இருக்கிறது. வாசிச்சாத்தான் எனக்கு ரிப்போட் எழுத ஏலும்."

சட்டத்தின் ஆணை. சோதிலிங்கம் திரைக்குப் பின்னால் போய் வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் கொன்ஸ்தாபிள் எழும்பி வந்து திரையை விலக்கிக் கட்டிவிட்டு, "காத்து வரட்டும்" என்று சொல்லித் திரும்பப் போய் இருந்தார். பிறகு நேருக்கு நேராகவே வாசிப்பு நடந்தது. சோதிலிங்கம் கிழவராக இருமினார், ராசகுமாரியாகக் கத்தினார், மந்திரியாகச் சதி செய்தார். கொன்ஸ்தாபிளின் அரைகுறைத் தமிழுக்கு நாடகத்தில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் இரண்டு இடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தார். இரண்டும் சாவுக் கட்டம்.

முடிந்ததும் அவர் எழும்பி நின்று கை தட்டினார். வெறும் மண்டபத்தில் அது முப்பது பேர் தட்டியது போலக் கேட்டது. சோதிலிங்கம் வாளியிலிருந்த மாலையை எடுத்து அவருடைய கழுத்திலேயே போட்டார்.

கொன்ஸ்தாபிள் பொலிஸ் ஜீப்பிலேயே அவரைக் கொண்டுபோய் விட்டார். வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் டிக்கட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இண்டைக்கு நாடகத்துக்குச் சரியான சனம், என்ன? வேன் வேனாப் போனது. டிக்கட் பாத்துப் பாத்து என் கண் நோகுது."

சோதிலிங்கம் மெல்லத் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

வேன் வேனாகச் சனம் எங்கே போயிற்று? ஊரில் வேறொரு மண்டபத்தில் வேறொரு குரல்மணி வாசித்தாரா? ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் போர்வைக்குள் இருந்தே யோசித்தார். டியூட்டி முடிந்து வந்த தவமணி அவருடைய தலையைத் தடவிப் பார்த்து, தையலுக்கு வேலையில்லை என்று கண்டு, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

"ஒருத்தரும் வரேல்லை, தவம். முடிஞ்சுது. பெட்டியை இறக்கு."

"பெரியவர் சொல்லட்டும். பிறகு இறக்குவம்" என்றாள் அவள். சொல்லிவிட்டுப் பரணில் கிடந்த பெட்டியை ஒருமுறை பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை பெரியவர் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்தும், சோதி."

சோதிலிங்கம் கதவைச் சாத்தினார். கண்ணையும் சாத்திக்கொண்டார்.

"அற்புதம்!" என்றார் பெரியவர்.

சோதிலிங்கம் ஒரு கண்ணைத் திறந்தார்.

"என்ன குரல், ஐசே! முன்வரிசையில இருந்து நான் அசையேல்லை. அந்தக் கடைசிக் கட்டம் வந்த பிறகும் எனக்கு எழும்ப மனமே வரேல்லை. வீட்டை போய் மனிசிக்கு விடியவிடியச் சொன்னன். பாவம், அவவுக்குத் தலையிடி, வரேல்லை."

"நீங்கள்... முன்வரிசையில... சேர்?"

"பின்னை? வெள்ளைத் துணி போட்ட கதிரையில. ஆரும் கேட்டால் நீரும் அப்பிடித்தான் சொல்லவேணும். முக்கியமா மனிசி கேட்டால்." பெரியவர் பேனையைத் திறந்து, மேசையில் கிடந்த கடதாசியில் ஒரு பெயரை வெட்டினார். "வவுனியாவுக்கு வேறை ஆள் போகட்டும். உம்மைப் போல ஆளைக் கண்டி இழக்கக்கூடாது."

சோதிலிங்கம் வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இராஜகுமாரி கண்ணைத் துடைப்பது போல ஒரு பாவனை செய்துகொண்டு வந்தாள்.

"அழுதே போட்டோம் சார். எங்கம்மாவுக்கு இன்னும் தொண்டையில நிக்குது."

பேக்கரி முதலாளி தெருவின் மறுபக்கத்திலிருந்து, "குரல் ஹரி ஷோக், மாத்தயா!" என்று கையை உயர்த்தினார். சந்தித்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஒருவராவது காசைத் திருப்பிக் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் சோதிலிங்கத்துக்கே அந்த முன்னூறு கதிரையிலும் ஆள் இருந்தது போல ஒரு ஞாபகம் வரத் தொடங்கிவிட்டது. யாரோடும் வாதாடுவதில்லை என்று தீர்மானித்தார். பேராதனைக்கு ரெலிபோன் எடுத்து, "தவம், பெட்டி பரணிலேயே கிடக்கட்டும்" என்றார். மறுமுனையில் தவமணி, ராசகுமாரியைவிட மோசமாகப் பூனை போல ஒரு சத்தம் போட்டுச் சிரித்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் மஹ்மூத் ஒரு சட்டியோடு வந்தார். வட்டிலப்பம்.

"மகள்ட கல்யாணத்து இனிப்பு, சேர். ஒங்களுக்கெண்டு தனியா எடுத்து வெச்ச."

சோதிலிங்கத்துக்கு வெட்கமாகிவிட்டது. தன்னுடைய நிம்மதியில் இந்த மனிதரின் துக்கத்தை மறந்தே போனாரே! ஒரு கரண்டி வட்டிலப்பத்தை வாயில் வைத்துக்கொண்டு, மஹ்மூத்தின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்:

"மனம் வருந்தாதையுங்கோ மஹ்மூத். ஊரடங்குக்குள்ள உங்கட வீட்டுக் கலியாணத்துக்கு ஒரு சனமும் வந்திராது, என்ன?"

"என்ன சேர் செல்றீங்க?" என்றார் மஹ்மூத். "ஒங்கட டிக்கட்டக் காட்டிக் காட்டி முன்னூறு பேரும் எங்கட ஊட்டுக்குத்தானே வந்த, புரியாணிச் சஹன உட்டுக் கடைசியா எழும்பின ஆளே ஒங்கட பெரியவர்தான்!"